யாருமற்ற மலை: தனிப்பயணப் பிரதிகளை முன்வைத்து

மலையேறிவிட்டு வந்து எழுதுகிறவர்கள் தமிழில் பெருகிவிட்டார்கள். வேண்டாமென்று சொல்ல ஒன்றுமில்லை. பயண எழுத்து நமக்குப் புதுசும் இல்லை, ஏ.கே. செட்டியார் உலகத்தைச் சுற்றி வந்து, ‘நான்’ என்கிற சொல்லைக் கூடுமானவரை ஒதுக்கி வைத்துவிட்டே எழுதினார். இப்போது வருகிற பிரதிகளில் நிலைமை தலைகீழ். ஊர் போய்விடுகிறது, ‘நான்’ மிஞ்சுகிறது. குறிப்பாகத் தனியாகப் போனவர்களின் எழுத்து. நகரத்து வேலையில் ஒரு சலிப்பு அல்லது காதலில் ஒரு தோல்வி, முதுகில் ஒரு பை, காலில் பூட்ஸ், ஜம்முவுக்கு ஒரு ரயில். சோனமார்க்கில் நடை தொடங்கும். நிச்னாய் கணவாயைத் தாண்டி விஷன்சர், கிஷன்சர், கட்சர், சத்சர், கங்காபல் என்று ஏரி ஏரியாகக் கடந்து நாராநாகில் இறங்கும். நடுவில் நாலாயிரம் மீட்டருக்கு மேலே ஒரு கணவாயின் உச்சியில் மூச்சு வாங்கும்போது கண்ணீர் வரும். ஏறக்குறைய எல்லாப் பிரதியிலும் அந்த இடத்தில் இப்படியொரு வாக்கியமும் வரும்: சுற்றிலும் யாருமில்லை.

இந்த வாக்கியத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அதற்கு முந்தின பக்கத்தில்தான் விடியற்காலையில் சூடாக டீ வந்திருக்கிறது. சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடாரம் ‘போடப்பட்டிருந்தது’. யார் போட்டார்கள்? மட்டக்குதிரையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இவருக்கு முன்னாலேயே கணவாயைத் தாண்டிப் போனவர்கள். செயப்பாட்டுவினை எவ்வளவு வசதியான சாதனம் பாருங்கள். சமையல், சுமை, கூடாரம் எல்லாம் தாமாகவே நடக்கின்றன. நடப்பது, மூச்சு வாங்குவது, அழுவது மட்டும் தன்வினையில் வருகின்றன. அப்படி ஆள் வைத்துக்கொள்ளாமல், தன் கூடாரத்தைத் தானே தூக்கிப் போகிறவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கால் வைத்த தடம் பக்கர்வால்களின் ஆடுகள் தலைமுறை தலைமுறையாக மிதித்துப் போட்டது. அந்தக் கல்வீடுகளும் நாய்களும் பிரதியில் வருகின்றன, நிலக்காட்சியாக. ராணுவச் சாவடியில் அடையாள அட்டை காட்டுகிற இடமும் வருகிறது, ஒரு சின்ன சாகசமாக. இத்தனைக்கும் பிறகு யாருமில்லை!

இது பொய் என்று நான் சொல்லவில்லை. எழுதுகிறவர் மனசறிந்து பொய் சொல்லியிருந்தால் விமர்சனமே தேவையில்லை, விட்டுவிடலாம். பிரச்சினை, அவர் உண்மையிலேயே அப்படித்தான் உணர்ந்திருக்கிறார் என்பதுதான். நம் பேச்சில் ‘யாரும்’ என்கிற சொல் வேலை செய்கிற விதத்தைக் கவனியுங்கள். “வீட்ல யாருமில்ல, வேலைக்காரம்மா மட்டுந்தான் இருக்கு.” “காட்டுப் பக்கம் யாருமில்ல, ஆடு மேய்க்கிற பயதான் நின்னான்.” இந்த இரண்டு வாக்கியமும் இலக்கணப்படி முரண், காதுக்கு முரணாகவே கேட்பதில்லை. ‘யாரும்’ என்பது எல்லோரையும் எண்ணுகிற சொல்லாக இல்லாமல், எண்ணத் தகுந்தவர்களை மட்டும் எண்ணுகிற சொல்லாக இருக்கிறது. யார் எண்ணத் தகுந்தவர் என்பதை வீடும் சாதியும் கூலியும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. தனிப்பயணப் பிரதி இந்த வாக்கியத்தை அடுப்படியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கணவாயின் உச்சியில் வைக்கிறது. அங்கே அதற்குத் தத்துவம், விடுதலை, தன்னையறிதல் என்றெல்லாம் பெயர் கிடைத்துவிடுகிறது.

காஷ்மீர் வரைக்கும் போக வேண்டாம். நான் இருப்பது காந்திகிராமத்தில். இங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி சிறுமலை. மேற்கே, மழை பெய்து வெளுத்த நாளில், பழனி மலைத்தொடர் ஊதாக் கோடாகத் தெரியும். நமக்கும் உயரத்தில் ஏரிகள் உண்டு, ஏறுபாதைகள் உண்டு. அவற்றின் பெயர்களை மட்டும் ஒரு பிரதியாக வைத்துப் படித்தாலே போதும்.

1821-ல் வார்டு என்கிற சர்வேக்காரர் வெள்ளகவி கிராமத்தில் தங்கிக்கொண்டு மேலே ஏறி அளந்தார். 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். 1863-ல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் சதுப்பு நிலத்துக்குக் கரை போட்டுக் கோடை ஏரியை உண்டாக்கினார்; தூத்துக்குடியிலிருந்து படகு வந்தது. 1872-ல் கோக்கர் வாக். பேரிஜம் இருக்கிற இடத்துக்கு ‘ஃபோர்ட் ஹாமில்டன்’ என்று பெயர், கோட்டை எதுவும் அங்கே இல்லாவிட்டாலும். 1875-ல் ரயில் வந்தது. இங்கே அம்பாத்துரைக்கு அந்தப் பக்கம் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்குக் ‘கோடை ரோடு’ என்று பேராயிற்று. பிறகு மேஜர் லா போட்ட மோட்டார் ரோடு, லாஸ்காட்; 1914-ல் வேலை முடிந்தது. ஏரி, நடைபாதை, காட்டாறு, பூங்கா, ரோடு ஒவ்வொன்றிலும் ஒரு துரையின் பெயர். அந்த மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் எப்படி ஏறினார்கள்? பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை மாட்டு வண்டி. அங்கிருந்து நாற்காலியிலோ டோலியிலோ உட்கார வைத்து, ஆட்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். பெட்டி, பியானோ, பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் மேலே போயின. அந்தப் பாதைக்கும் ஒரு பெயர் வைத்தார்கள்: ‘கூலி காட்’. துரைகளுக்குத் தனிப்பெயர், தூக்கினவனுக்குப் பொதுப்பெயர். கூலி பாதையின் பெயரிலேயே இருக்கிறான். ஆனால் மலைக்கு ‘முதலில் போனவர்கள்’ பட்டியலைக் கேட்டால் அவன் அதில் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து போனவர்தான் ஏறியவர்.

(போகிற போக்கில் ஒன்று. இன்றைக்குக் கோடையில் ‘இயற்கை’ என்று புகைப்படம் எடுக்கிற பைன் மரக்காடு நட்டது. ஏரி கட்டினது. சோலையும் புல்வெளியுமாக இருந்த மலையை வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று மாற்றிவிட்டு, அந்த மாற்றத்தின் நடுவில் நின்று ‘மனிதக் கை படாத’ என்று எழுதுகிறோம்.)

இங்கே ஒரு மறுப்பு வரும், வர வேண்டும். நாற்காலியில் போன துரையும் முதுகில் பை சுமக்கிற இன்றைய இளைஞனும் ஒன்றா? இல்லை. தன் சுமையைத் தானே தூக்குவது என்பது அற்பமான மாற்றம் இல்லை. 1947-ல் டாக்டர் சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமத்தில் உட்கார்ந்துகொண்டு இதை நான் குறைத்துச் சொல்ல முடியாது. தன் தட்டைத் தான் கழுவுவது, தன் கழிப்பறையைத் தான் சுத்தம் செய்வது என்கிற சிரமதான ஒழுங்கு, சாதிச் சமூகத்தில் உடலுழைப்பின் மேல் இருந்த தீட்டை நேராகப் போய்த் தொட்டது. ஆனால் சிரமதானத்தில் ‘தானம்’ இருக்கிறது. கொடுக்கவும் கொடுக்காமல் இருக்கவும் முடிகிறவன்தான் தானம் கொடுக்க முடியும். நான் சின்ன வயதில் பார்த்த சுமை வேறு. சிறுமலை அடிவாரத்திலிருந்து விறகுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் வரிசையாக இறங்குவார்கள். சேலைத்துணியைச் சுருட்டின சும்மாடு, கழுத்து விறைத்து, பேச்சு மட்டும் நிற்காது. மேலேயிருந்து வாழைத்தாரும் எலுமிச்சையும் குதிரை முதுகில் இறங்கும். முதுகுப்பையைச் செய்கிறவர்கள் இடுப்புப் பட்டை, தோள் பட்டை, காற்றோட்டம் என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். பாரம் இடுப்பில் இறங்க வேண்டும் என்பது அதன் சூத்திரம். சும்மாட்டுக்கு ஆராய்ச்சி கிடையாது. பாரம் நேராகக் கழுத்தெலும்பில் இறங்கும். தேர்ந்துகொண்ட சுமையைப் பற்றி நூறு பக்கம் எழுத முடிகிறது. தேர்ந்துகொள்ளாத சுமைக்காரிகள் மலையேறி இறங்கினதற்குப் பயணம் என்றே பெயர் இல்லை, ‘விறகுக்குப் போறது’ என்றுதான் பெயர். அவர்களில் யாரும் தனியாகவும் போகவில்லை. தனியாகப் போனால் கட்டைத் தலைக்கு ஏற்றிவிட ஆள் கிடையாது.

கூட்டமாக நடப்பதுதான் இந்தச் சமவெளியின் பழக்கம். தைப்பூசத்துக்கு ஒட்டன்சத்திரம் ரோட்டில் பழனிக்கு நடந்து போகிறவர்களைப் பார்த்தால் தெரியும், குடும்பமும் தெருவும் ஊருமாகப் போகிறார்கள். கால் வெடித்தவனுக்கு எண்ணெய் தடவ ஒருத்தர், முந்திப் போய்க் கஞ்சி காய்ச்ச ஒருத்தர். நான் பக்தி பண்ணச் சொல்லவில்லை. நடையின் அமைப்பைச் சொல்கிறேன். ‘தனி நடை’ என்றால் உடனே காந்தியின் நவகாளியை உதாரணம் காட்டுவார்கள். 1946 கடைசியில் போய், 1947-ன் தொடக்க மாதங்களில் அங்கே ஊர் ஊராக நடந்தார். கூட வந்தவர்களைப் பல கிராமங்களுக்குப் பிரித்து அனுப்பிவிட்டுத்தான் நடந்தார், உண்மை. அப்போதும் மனு காந்தி கூட இருந்தார், நிர்மல் குமார் போஸ் இருந்தார், தட்டெழுத்துக்குப் பரசுராம் என்கிற தென்னிந்திய இளைஞர் கொஞ்ச காலம் இருந்தார். அந்தத் தனிமையைத் தட்டச்சு செய்யவும் ஆள் வேண்டியிருந்தது. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அந்தத் தனிமைக்குள் பெயர்கள் இருக்கின்றன. அதில் கூட நடந்த போஸ் பின்னால் அந்த நாட்களைப் பற்றிக் கேள்விகளோடு புத்தகமே எழுதினார். நம் மலைப் பிரதிகளில் சமையல்காரர் எழுதின புத்தகம் எங்கே?

பெண்கள் தனியாகப் போவது இதே கணக்கில் வராது. ஒரு பெண் ‘தனியாகப் போனேன்’ என்று எழுதும்போது அங்கே ஒரு தடை உடைகிறது. கூட ஆண் இல்லாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்பதற்கே பதில் சொல்ல வேண்டிய ஊர் இது. அவளுடைய ‘யாருமில்லை’யில் அண்ணன் இல்லை, அப்பா இல்லை, புருஷன் இல்லை, காவல் இல்லை என்கிற அர்த்தங்கள் இருக்கின்றன. அதை நான் கொண்டாடுவேன். ஆனால் அந்த வாக்கியமும் மலைக்கு வந்த பிறகு பழைய தடத்திலேயே விழுகிறதைப் பார்க்கிறேன். வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குகிற பாதையில் ஒருமுறை நான் போயிருக்கிறேன். வழி காட்ட உள்ளூர் இளைஞர் ஒருவர் வந்தார். வெள்ளகவியில் ஊருக்குள்ளே செருப்புப் போடுவதில்லை. எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். (பிரதிகளில் இது ஒரு விநோதமாக வரும். கோவிலுக்குள் செருப்பைக் கழற்றுகிற நமக்கு இதில் என்ன விநோதம் என்று தெரியவில்லை.) திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கேட்டார்:

“தனியாவா தாயி வந்தே?”

“இல்லம்மா, இந்தத் தம்பி கூட வந்திருக்காரு.”

“இவன் நித்தம் வர்ற பய. உனக்குக் கூட யாரு வந்தான்னு கேக்குறேன். அண்ணன் தம்பி இல்லையா உனக்கு?”

கடுங்காப்பி கொடுத்தார். பக்கத்துக் காட்டில் விளைந்த காப்பிக்கொட்டை. என் மேல் அவருக்கு ஏற்பட்டது வியப்பு இல்லை, இரக்கம். அவருடைய ‘யாரும்’ வேறு. அது எண்ணத் தகுந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. உனக்கு ஒன்று ஆனால் ஓடி வருகிறவர் யார் என்கிற விசாரிப்பு. தமிழில் ‘அவளுக்கு யாருமில்லை’ என்றால் அனாதை என்று அர்த்தம். பாட்டிகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிற வாக்கியம் அது. அதைப் பெருமையாகச் சொல்ல முடிகிற நிலைமை எப்போது வருகிறது? கூப்பிட்டால் வருகிற ஆட்களைக் காசு கொடுத்து வைத்துக்கொள்ள முடிகிறபோது. பையில் பணமும் போனும், ஊரில் வேலையும், ஏதாவது ஆனால் அரசாங்கம் தேடும் என்கிற நம்பிக்கையும் இருக்கிறபோது. அந்த அம்மா பேச்சோடு பேச்சாக, மருமகளைப் பிரசவத்துக்கு டோலி கட்டித்தான் தூக்கிட்டுப் போனோம் என்றார். எத்தனை பேர் மாற்றி மாற்றித் தூக்கினார்கள் என்று பெயர் பெயராகச் சொன்னார். டோலியில் போனவளையும் தூக்கினவர்களையும் ஒரே மூச்சில் சொன்ன அந்தப் பேச்சுக்கு இணையான ஒரு பத்தியை நான் எந்த மலையேற்றப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

2018 மார்ச் 11, குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் சென்னை, ஈரோடு பக்கத்திலிருந்து வந்த இளைஞர்கள், அதில் பெண்கள் அதிகம். அவர்களை இந்தக் கட்டுரைக்கு உதாரணமாக்குவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீயைப் பார்த்து முதலில் ஏறிப் போனவர்களில் குரங்கணி ஊர்க்காரர்கள் இருந்தார்கள். போர்வையில் டோலி கட்டி, எரிந்த உடல்களை இருட்டில் தோளில் சுமந்து இறக்கினார்கள். மலையில் ‘யாருமில்லை’ என்று எழுதப்பட்டவர்கள் அவர்கள்தான்.

அதற்குப் பிறகு அந்த வருஷமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 40 பாதைகளை அறிவித்து, முன்பதிவு, கட்டணம், பயிற்சி பெற்ற வழிகாட்டி என்று ஒழுங்கு பண்ணியது. வழிகாட்டிகள் பழங்குடிகளும் காட்டோர கிராமத்து இளைஞர்களும். கூலி கிடைக்கிறது, சீருடை கிடைக்கிறது. இதை நான் வரவேற்கிறேன். ஆக, சட்டப்படி அந்தப் பாதைகளில் தனியாகப் போகவே முடியாது. வேடிக்கை என்னவென்றால் ‘தனியாகப் போனேன்’ என்கிற பிரதிகள் அதனால் குறையவில்லை. வழிகாட்டி கூட வருகிறார், செடியின் பெயர் சொல்கிறார், காட்டெருமை நிற்கிற இடத்தைக் காட்டுகிறார், அட்டையை உதறிவிடுகிறார். பிரதியில் ‘உள்ளூர்க்காரர் ஒருவர்’ என்று ஒரு தடவை வந்துவிட்டு மறைந்துபோகிறார். செடியின் பெயர் பத்திரமாக இருக்கிறது, சொன்னவர் பெயர் இல்லை. கூலி காட்டின் இலக்கணம் நூறு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது, பாதை மாறியும்.

இந்த இன்மைகள் வெறும் எழுத்துப் பிரச்சினை என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். வெள்ளகவிப் பாதை தொடங்குகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் பாம்பார் சோலை. அதன் மேட்டில் 1983-ல் தொடங்கி, பின்னால் இந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்து, 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு சோலைச் சரிவில் கொட்டப்பட்டது. பாம்பாறு கும்பக்கரைக்கு இறங்குகிறது. ஆலையில் வேலை பார்த்த 591 பேருக்கு ஒப்பந்தப்படி இழப்பீடு என்று முடிவாக 2016 ஆயிற்று. அதே சரிவைப் பற்றி ‘பளிங்கு போன்ற நீர்’ என்று எழுதிக்கொண்டு இறங்குகிற பிரதிகளை வாசித்திருக்கிறேன். மனிதர்களை எடுத்துவிட்டால் மலைக்கு வரலாறு இல்லாமல் போகிறது. வரலாறு இல்லாத தண்ணீர் எப்போதும் சுத்தமாகத்தான் தெரியும்.

இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். வெள்ளகவி பல பத்தாண்டுகளாக ரோடு கேட்டு மனுக் கொடுத்துவந்த ஊர். அரிசி மூட்டை குதிரையில் ஏறியது, நோயாளி டோலியில் இறங்கினார். அதே ஊரைப் பற்றி எழுதுகிற பயணிக்கு அந்தப் பாதைதான் ஊரின் அழகு. ரோடு வந்தால் ‘கெட்டுவிடும்’ என்று பயப்படுகிறார். சூழல் இயக்கத் தோழர்களும் இதைச் சொல்கிறார்கள், வேறு காரணத்துக்காக. 2013-ல் இந்தக் காடுகள் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வந்தன. சோலையை வெட்டிப் போடுகிற ரோடு ரிசார்ட்டுகளைத்தான் கொண்டுவரும் என்பது கற்பனையான பயம் இல்லை, மேலே கோடையைப் பார்த்தாலே தெரியும். அந்த வாதத்தோடு நான் பேசத் தயார். பயணியின் ஏக்கத்தோடு பேச எனக்குப் பொறுமை இல்லை. அடுத்தவன் தோளில் போகிற டோலிக்கம்பு அவருக்கு ‘பழமை மாறாத வாழ்க்கை’யாகத் தெரிகிறது. 1821-ல் வார்டு அதே ஊரில் தங்கி மேலே பார்த்து அளந்தார். இவர் கடந்து போய்க் கீழே பார்த்து உருகுகிறார். இரண்டு பேருக்கும் ஊர் ஒரு இடைத்தங்கல்.

ரோடு வேண்டுமா, எவ்வளவு அகலத்தில், எந்த மரத்தை விட்டு எந்த மரத்தை வெட்டுவது, வெளி வண்டிக்குத் தடை உண்டா என்பதையெல்லாம் அங்கே இருக்கிறவர்கள் பேசித் தீர்மானிக்க வேண்டும். அதற்குச் சட்டத்தில் வழி இல்லாமலும் இல்லை. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் காட்டுவாசிகளின் ஊர்களுக்கு ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடிதண்ணீர்க் குழாய் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலம் ஒதுக்க இடமிருக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. ஒரு ஹெக்டேரை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் ரோடு போடுவது என்று கணக்குப் பார்த்தால் சிரிப்பு வரும், அது தனிச் சண்டை. ஆனால் அந்தப் பிரிவில் கிராம சபையின் பரிந்துரை கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. அங்கே வருகைப் பதிவேட்டில் ஆள் ஆளாகப் பெயர் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குவார்கள்.